அண்டை மாடிகளின் கம்பியில்லாப் பின்னல்

மழைநாளில் ஒரு தெருவில் நீர் தேங்கினால், ஊரறிந்தவர் அடுத்த சந்தில் திரும்பிப் போய்விடுவார். செய்தியையும் அவ்வாறே திருப்பிவிடவல்ல அமைப்புத்தான் 'மெஷ்' என வழங்கும் கம்பியில்லாப் பின்னல். இதில் ஒவ்வொரு வீட்டு ரூட்டரும் அடுத்த வீட்டு ரூட்டருக்குச் செய்தியைக் கைமாற்றும். ஒன்று பழுதானால் மற்றொன்று வழிகொடுக்கும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீடுகளிற் சிக்கி உதவிக்குக் காத்திருந்ததை அறிந்த கிள்ளான் பள்ளத்தாக்கு வாசகர்களுக்கு, இதன் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அண்டை வீட்டார் கூடி இத்தகைய பின்னலை அமைக்க விழைந்தால், எக்கருவியை வாங்குவது? செய்திக்கு வழிகாட்ட எம்முறையைக் கொள்வது?

கருவியின் மென்பொருள் நாமே மாற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும். லிங்க்சிஸ் ரூட்டர் ஒன்றின் மூலநிரல் 2003-இல் வெளியானதன் பயனாக, 2004-இல் 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' தோன்றிற்று. அதனை ஏற்கும் ரூட்டரை, செய்தவர் கைவிட்ட பின்னும் நாம் பேணலாம். அடுத்து, ஒரே ரேடியோ உள்ள கருவி கேட்கும்போது பேசாது. ஆதலின் ஒவ்வொரு கைமாற்றத்திலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இரண்டு ரேடியோக்கள் இக்குறையைத் தணிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவும். ஆயினும் அடுக்குமாடிகளில் நெரிசல் மிகுதி. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். மாடிக்கு மாடி தடையின்றித் தெரிதல் வேண்டும்.

இனி வழிகாட்டும் முறை. கைமாற்றம் குறைந்த வழியே சிறந்தது எனக் கொள்வது தவறு. ஜாலான் துன் சம்பந்தனின் இரு கோடிகளுக்கிடையே நேரே எட்டும் வலுவற்ற இணைப்பில், ஒரு செய்தி சேர நான்கு முறை அனுப்ப நேரலாம். இடையிலுள்ள ஒரு மாடி வழியே அனுப்பினால் கட்டத்திற்கு ஒருமுறையாக இரண்டே போதும். இவ்வாறு எண்ணிப் பார்க்கும் அளவையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் 2003-இல் வகுத்தனர்.

'ஓ.எல்.எஸ்.ஆர்.' முறையில் ஒவ்வொரு ரூட்டரும் முழுப் பின்னலின் படத்தை வைத்திருக்கும். ஜெர்மனியின் 'ஃப்ரைஃபுங்க்' சமூக வலையில் 2006 முதல் வளர்ந்த 'பேட்மேன்', அண்டையருள் யார் வழி நல்லது என்பதை மட்டும் நினைவிற்கொள்ளும். 'பேபல்', வழி மாறும்போது செய்தி வட்டமடிக்காமற் காக்கும். பத்திருபது வீடுகளுக்கு எதுவும் போதும்; ஆயின் எல்லா வீட்டிலும் ஒரே முறை இருத்தல் வேண்டும்.

வெள்ளத்தில் முதலில் போவது மின்சாரம். கருவியை மாடியில் வைத்து, மின்கலமும் இடிதாங்கிக் காப்பும் சேர்த்தல் நலம். வெளி இணைய இணைப்பு அறுந்தாலும், செய்திப் பரிமாற்றச் செயலியை உள்ளூர்க் கணினியில் நிறுவியிருந்தால் தெருவுக்குள் செய்தி நடமாடும்.

பின்னலின் வலிமை கருவியின் விலையில் இல்லை. ஒரு வழி அறுந்தால் மறுவழி இருப்பதில்தான் உள்ளது. ஆகவே வாங்குமுன் மாடியேறிப் பாருங்கள்: அங்கிருந்து இரண்டு அண்டை மாடிகளேனும் தெரிகின்றனவா?