முள்ளின் மேல் ஒரு நாணயம்

ஓடிக்கொண்டிருக்கும் இசைத்தட்டில் முள் துள்ளி விழுந்து, பாடிய இடத்தையே திரும்பத் திரும்பப் பாடினால் என்ன செய்வீர்கள்? உங்கள் வயதில் நான் 25 பைசா நாணயம் ஒன்றை முள்ளுக்கு நேர் மேலே, கையின் நுனியில் வைத்தேன். துள்ளல் நின்றுவிட்டது. பெரிய விஞ்ஞானியாகிவிட்டதாக எனக்கு நினைப்பு!

அது என் தந்தையார் ஆசையோடு வாங்கி வைத்திருந்த நாகசுர இசைத்தட்டு. சில மாதங்களில் அதன் ஒலி கரகரக்கத் தொடங்கியது. முள்ளை மாற்றியும் பயனில்லை. நான் செய்த பிழை என்னவென்று இயற்பியல் படித்த பிறகே புரிந்தது.

தலைமுடி அகலப் பள்ளம்

நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் சுழலும் நீண்டநேர இசைத்தட்டு 1948-ஆம் ஆண்டு அறிமுகமாயிற்று. அதிலுள்ள வரிப்பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன்தான். பள்ளத்தின் இரு சுவர்களிலும் ஒலி அலைகள் நெளிவுகளாகப் பதிந்துள்ளன. வைரமுனை கொண்ட முள் அந்த நெளிவுகளைத் தொட்டு அதிர்கிறது. பலவகைக் கருவிகளில் முள்ளோடு இணைந்த சிறு காந்தம் கம்பிச் சுருளருகே ஆடி மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது.

2 கிராமா, 5,000 வளிமண்டலமா?

முள் தட்டை அழுத்தும் விசை 2 கிராம் எடைக்குச் சமம் என்று கொள்வோம். அதாவது 0.02 நியூட்டன். இது மிகச் சிறிய விசை. ஆனால், அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது அல்லவா? முள் இரு சுவர்களையும் தொடும் இடங்கள், தலைக்கு 5 மைக்ரான் விட்டமுள்ள இரு வட்டங்கள் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அழுத்தம் தோராயமாக 50 கோடி பாஸ்கல் வரும். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 5,000 மடங்கு!

25 பைசா நாணயத்தின் எடை 2.83 கிராம். ஆக, நான் வைத்த நாணயம் 2 கிராம் விசையை ஏறக்குறைய 5 கிராமாக உயர்த்தியிருக்கும். நுண்ணிய நெளிவுகள் முதலில் தேயும். அவைதான் உயர் அதிர்வெண் ஒலிகளைத் தாங்கியவை. தேய்ந்த நெளிவை எந்தப் புதிய முள்ளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்படியானால் எடையை மிகவும் குறைத்துவிட்டால் நல்லதா? அதுவும் தவறு. உரத்த ஒலி வரும் இடங்களில் முள் ஒரு சுவரை விட்டெழும்பி மீண்டும் மோதும். சுவர் அதனாலும் சிதையும். தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவே சரியானது. பல முட்களுக்கு அது 1.5 முதல் 2.5 கிராம் வரை இருக்கும்.

கையும் ஒரு நெம்புகோலே

முள்ளைத் தாங்கும் கை ஒரு நெம்புகோல். அதன் பின்முனையில் உள்ள எதிர் எடையைத் திருகி, கை தராசுக்கோல் போலக் கிடைமட்டமாக நிற்கும்படி செய்யுங்கள். முள் எதிலும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது முள்ளின் விசை சுழியம். அளவு வளையத்தையும் சுழியத்தில் வைத்து, எதிர் எடையை வேண்டிய கிராம் அளவுக்கு முன்னோக்கித் திருகினால் போதும்.

வேகத்தை அளந்து பாருங்கள்

ஒரு வட்ட அட்டையில் 2 பாகைக்கு ஒன்றாக 180 கோடுகள் வரைந்து, நடுவில் துளையிட்டுச் சுழலும் தட்டின் மேல் வையுங்கள். சோக் பொருத்திய பழைய குழல்விளக்கின் ஒளியில் அதைப் பாருங்கள். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவ்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. தட்டு சரியாக 33⅓ சுற்று வேகத்தில் சுழன்றால், ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு கோடு அடுத்த கோட்டின் இடத்திற்கு வந்துவிடும். ஆகவே கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அவை பின்னோக்கி நகர்ந்தால் வேகம் குறைவு. பெல்ட் தளர்ந்திருக்கலாம். (பல எல்.இ.டி. விளக்குகள் இவ்வாறு துடிப்பதில்லை.)

புதிய முள், விலையுயர்ந்த கருவி என்று செலவு செய்யுமுன் இந்த அளவுகளைச் சரிபாருங்கள். முள்ளில் ஒட்டிய தூசியை மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாக நீக்குங்கள். கருவி நிற்கும் மேசை மட்டமாக உள்ளதா என்றும் பாருங்கள்.

எங்கள் வீட்டு மேசையைப் பல ஆண்டுகள் கழித்து ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காலடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தேன். எதிர் எடையையும் சரிசெய்தேன். நாணயம் இல்லாமலே மற்ற தட்டுகள் துள்ளாமல் பாடின. அந்த நாகசுரத் தட்டு மட்டும் இன்றும் கரகரக்கிறது.