ஒரு துளி இரத்தம் உணர்த்தும் உண்மை

திருகோணமலை என்றதும் துறைமுகமும் கப்பல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலும், தம்பலகாமம், கந்தளாய் வயற்புறங்களிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு மாடும் எருமையுமே செல்வமாகும். வயலில் விதைப்புத் தொடங்கியதும் பட்டிகள் பற்றைக் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் ஓட்டப்படுகின்றன. அங்கே உண்ணிகள் காத்திருக்கின்றன.

ஒரு நாள் பசு மேய மறுக்கிறது, தலை தாழ்த்தித் தனித்து நிற்கிறது, பால் வற்றுகிறது. 'காய்ச்சல்' என்கிறார் பட்டிக்காரர். அவர் கூற்று உண்மையே. ஆனால், எந்தக் காய்ச்சல் என்பதே வினா. அவ்வினாவுக்கு விடை கிடைக்குமுன் மருந்து கொடுப்பது இருளில் கல்லெறிவதை ஒக்கும்.

உண்ணிகள் பரப்பும் இரத்த நோய்களுள் மூன்றினை நாம் அறிந்திருத்தல் நன்று. பபேசியா என்னும் ஒட்டுண்ணி செங்குழியங்களுக்குள் புகுந்து அவற்றை உடைப்பது. அதனாற் சிறுநீர் கோப்பி நிறம் பெறுவதுண்டு. அனபிளாஸ்மா உண்மையில் ஒரு பற்றீரியா. கடிக்கும் ஈக்களும், ஒரு மாட்டுக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றொன்றுக்கும் பயன்படுத்துவதும் இதனைப் பரப்பும். இதில் முரசு வெளிறும், கண் மஞ்சளிக்கும்; ஆனால் சிறுநீர் சிவப்பதில்லை. மூன்றாவதான தைலீரியா நிணநீர்க் கணுக்களை வீங்கச் செய்வது. சிறுநீர் சிவந்தால் அது பபேசியாவே என முடிவு கட்டவும் இயலாது. எலிக்காய்ச்சற் கிருமியும் அதனைச் செய்ய வல்லது.

உண்ணி நோயைப் பரப்பும் என்பதை 1893 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோபால்ட் சிமித், கில்போர்ன் என்னும் இருவர் நிறுவினர். நோயுற்ற மாட்டின் இரத்தத்தைக் குடித்த உண்ணி இடும் முட்டை வழியாக அடுத்த தலைமுறை உண்ணிகளுக்கும் பபேசியா செல்கிறது. நுளம்பு மலேரியாவைப் பரப்புவது உறுதியாகுமுன்னரே இவ்வுண்மை மாட்டினத்தில் வெளியாயிற்று என்பது கருதத்தக்கது.

நோயை அறியும் முறை எளியது. காது நுனியின் நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, மற்றொரு தகட்டின் விளிம்பால் மெல்லிய படலமாக இழுத்து, காற்றில் உலரவிடுவர். பின்னர் மெதனோலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்ப்பர். செங்குழியத்துள் இணையாகக் கிடக்கும் பேரிக்காய் வடிவங்கள் பபேசியாவையும், குழியத்தின் ஓரத்தில் ஒட்டிய கரும்புள்ளி அனபிளாஸ்மாவையும் காட்டும்.

இவ்வாறு பிரித்தறிவதாற் பயன் யாது? மருந்து வேறு வேறு என்பதே காரணம். அனபிளாஸ்மாவுக்குத் தெற்றாசைக்கிளின் உதவும். பபேசியாவுக்கு அது போதாது, டைமினசீன் அல்லது இமிடோகார்ப் வேண்டும். தைலீரியாவுக்குப் புப்பர்வகுவோன் வேண்டும். மருந்தேற்றிய பின் எடுக்கும் இரத்தத்தில் கிருமிகள் மறைந்துவிடக் கூடும். ஆதலின் தகடு முதலில், ஊசி பின்னர் என்பது விதி. ஆயினும் தகடும் முற்றறிவு உடையதன்று. நலமாயுள்ள மாட்டின் இரத்தத்திலும் ஒட்டுண்ணி அமைதியாக வாழ்வதுண்டு. ஆகவே காய்ச்சல், இரத்தச்சோகை ஆகிய குறிகளோடு பொருத்தியே வைத்தியர் முடிவு கூறுவார்.

இனிக் கட்டிகளைக் கருதுவோம். தோளுக்கு முன்னே முட்டையளவு வீக்கம் எழுந்தால், 'புற்று. இனிப் பிழையாது' என எண்ணி மாட்டை இறைச்சிக்கு விற்றுவிடுவோர் உளர். அவ்வீக்கம் தைலீரியாவால் வந்த நிணநீர்க் கணு வீக்கமாகவும் இருக்கலாம். அது மருந்தாற் குணமாகக் கூடியது. நுண்ணிய ஊசியாற் சிறிது உறிஞ்சி, அதே ஜீம்சா சாயமிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வெண்குழியங்களுக்குள் ஒட்டுண்ணியின் கூட்டம் கிடந்தால் தைலீரியா. ஒரே வகையான முதிராப் பெருங்கலங்கள் நிறைந்திருந்தாற் புற்றென ஐயுறுவர். ஐயந் தீர ஒரு துண்டைப் பத்து மடங்கு போமலின் கரைசலில் இட்டு ஆய்வுக்கு அனுப்புவர். இத்தகைய ஆய்வுகளுக்குப் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் துணை நிற்கிறது.

நாய்களுக்கும் இம்முறையே பொருந்தும். 1910 ஆம் ஆண்டில் பற்றன் என்பவர் சென்னையில் வேட்டை நாய்களின் இரத்தத்திற் கண்டு விவரித்த சிறு பபேசியா இன்றும் நாய்களை வருத்துகிறது. தெரு நாய்களின் பிறப்புறுப்பில் எழும் கட்டியோ விந்தையானது. புணர்ச்சியின்போது புற்றுக்கலங்களே ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி வேரூன்றுகின்றன. ஊசி உறிஞ்சலால் இதனை அறியலாம். வாரந்தோறும் வின்கிறிஸ்டின் செலுத்த, பெரும்பாலும் முற்றாகக் குணமாகும்.

மாடு வளர்ப்போர் செய்யத்தக்கவை சில. வாலடி, மடி, காது ஆகிய இடங்களில் உண்ணி உளதா என நாடோறும் பாருங்கள். நாட்டு மாடு ஓரளவு தாங்கும். புதிதாகக் கொண்டுவந்த கலப்பினப் பசு தாங்காது. வெப்பநிலை 39.5 பாகை செல்சியசைக் கடந்து, முரசும் வெளிறியிருந்தால் மறுநாளுக்கெனப் பொறுத்திராது மிருக வைத்தியரை அழையுங்கள். அவர் ஊசியை எடுக்குமுன் கண்ணாடித் தகட்டை எடுப்பாராயின், காலந் தாழ்த்துகிறார் என எண்ணாதீர்கள். உங்கள் பசுவின் உயிர் காக்கும் வழியை அவர் தேடுகிறார்.