தேகத்தின் உஷ்ணமும் அதனைக் காக்கும் முறையும்

சித்திரை மாதத்து நண்பகலில் களத்துமேட்டிற் கிடக்கும் இரும்புக் கடப்பாரையை வெறுங்கையால் தொட இயலாது. அதே வெயிலில் அதே களத்தில் நின்று கதிரடிக்கும் மனிதனுடைய தேகமோ அவ்வாறு காய்ந்துவிடுவதில்லை. மார்கழி வைகறையில் மடை திறக்கச் செல்பவனுடைய தேகமும் பனியைப்போல் குளிர்ந்துவிடுவதில்லை. சுகமாயிருக்கும் மனிதனுடைய உள்ளுஷ்ணம் எக்காலத்தும் சுமார் 98 டிகிரி பாரன்ஹீட் அளவிலேயே நிற்கின்றது. கடும் உழைப்பினால் இரண்டொரு டிகிரி ஏறினும், ஓய்வு கொண்டவுடன் இறங்கிவிடும். இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், எப்பொழுது தவறிவிடுகின்றது என்பதையும் உழவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

நாம் உண்ணும் ஆகாரமே தேகத்திற்கு விறகு. மண்வெட்டி பிடித்து உழைப்பவனுடைய தசைகள் செலவிடும் சக்தியில் முக்காற் பங்கிற்கு மேல் உஷ்ணமாகவே மாறுகின்றது. ஆகவே கோடையில் உழைப்பவனுக்கு வெளியே ஒரு வெயில், உள்ளே ஓர் அடுப்பு. மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஒரு சிறு பகுதி இவ்வுஷ்ணத்தை இடைவிடாது கவனித்து வருகின்றது. குளிர் மிகுந்தால் அது தோலிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி, தசைகளை நடுங்கச் செய்து, உஷ்ணத்தை உண்டாக்குகின்றது. வெப்பம் மிகுந்தால் அக்குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் உஷ்ணத்தை இரத்தத்தின் வழியே தோலுக்கு அனுப்புகின்றது. வியர்வையையும் சுரக்கச் செய்கின்றது. காற்றின் உஷ்ணம் தேகத்தின் உஷ்ணத்தை மிஞ்சிவிடின், வியர்வை ஒன்றே கதி.

வியர்வையின் வேலையை அறிய மண்பானையைப் பார்த்தாற் போதும். பானையிற் கசியும் நீர் ஆவியாகும்பொழுது உஷ்ணத்தையும் கொண்டு போவதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கின்றது. அவ்வாறே ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியாகுமாயின், எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு வேண்டிய அளவு உஷ்ணம் தேகத்தை விட்டு நீங்கும்.

1774-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் சார்லஸ் பிளாக்டன் என்னும் வைத்தியர் இதனைச் சோதித்தார். 260 டிகிரி பாரன்ஹீட் வரையில் சூடேற்றிய ஓர் அறையினுள் அவர் எட்டு நிமிஷம் இருந்து சுகமாக வெளிவந்தார். அவ்வறையில் வைத்த முட்டைகளோ சுமார் இருபது நிமிஷத்தில் வெந்து இறுகிவிட்டன. பின்பு அத்தகைய அறையில் பாத்திரத்தில் வைத்த தண்ணீரும் கொதிக்கவில்லை. மேலே சிறிது எண்ணெயை மிதக்கவிட்டு ஆவி போகாமல் தடுத்தபின்னரே கொதித்தது.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், வியர்வை சுரந்தால் மட்டும் போதாது. அது உலரவும் வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்துள்ள கடலோரக் கிராமங்களிலும், காற்றோட்டமில்லாத கிடங்குகளிலும் வியர்வை உலராமல் தரையிற் சொட்டும். அவ்வாறு சொட்டும் வியர்வை தேகத்தைக் குளிரச் செய்வதில்லை. ஆகையால் வெயில் குறைவாக இருப்பினும் அவ்விடங்களில் அபாயம் உண்டு.

வெயிலில் கடுமையாக உழைப்பவனுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும், வியர்வை வெளியேறக் கூடும். அதனுடன் உப்பும் போகின்றது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் வியர்வை சிந்தி வெறுந்தண்ணீரை மிகுதியாகக் குடித்த தொழிலாளருக்குக் கடுமையான தசைப்பிடிப்பு உண்டாயிற்று. உப்பு நஷ்டமே அதற்குக் காரணமென்றும், குடிநீரில் சிறிது உப்புச் சேர்த்தல் நலமென்றும் மாஸ் என்பவர் 1923-ஆம் ஆண்டில் வெளியிட்டார். உப்பிட்ட நீராகாரமும் நீர்மோரும் குடிக்கும் நமது வழக்கம் இதற்கு முற்றும் பொருத்தமானது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறுகச் சிறுகக் குடித்தல் வேண்டும்.

வெயிலுக்குத் தேகம் பழகுவதற்குச் சுமார் இரண்டு வாரம் செல்லும். பழகிய தேகம் விரைவில் வியர்க்கும். உப்பையும் குறைவாகவே இழக்கும். பட்டணத்திலிருந்து திரும்பியவனும், நோயிலிருந்து எழுந்தவனும் முதல் நாளிலேயே முழு வேலை செய்யலாகாது. இத்தகைய விபத்துக்கள் பெரும்பாலும் வேலை தொடங்கிய முதற் சில நாட்களிலேயே நேருகின்றன.

காக்கும் முறை தவறினால் உள்ளுஷ்ணம் 104 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அப்பொழுது மனிதன் பிதற்றுவான், தள்ளாடுவான், நினைவிழந்து விழுவான். தோல் உலர்ந்திருக்கலாம், வியர்த்தும் இருக்கலாம். வியர்வை இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. உள்ளுஷ்ணம் தணியாமல் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கும் மற்ற உறுப்புக்களுக்கும் கேடு. ஆகையால் 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை வாளாவிருத்தல் தவறு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், மேலாடைகளைக் களைந்து, தேகம் முழுதும் குளிர்ந்த நீரை ஓயாமல் ஊற்றி, விசிற வேண்டும். நினைவில்லாதவன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றலாகாது. இது காய்ச்சல் அன்று. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

இவ்விஷயத்தில் சங்கங்கள் செய்யக்கூடியன பல. நிலத்தை ஜாமீனாகக் கொண்டு கடன் கொடுக்கின்றோம். அந்நிலத்தை விளையச் செய்வது உழைப்பவனுடைய தேகமே. பங்குனி மாதத்திலேயே நிர்வாகக் கமிட்டியைக் கூட்டி, கிடங்கிலும் களத்திலும் நிழற்பந்தல் ஒன்று, குடிநீர்ப் பானை ஒன்று, மேலே ஊற்றுவதற்கு நீர்த்தொட்டி ஒன்று, உப்பிட்ட நீர்மோர் ஆகியவற்றிற்கு ஏற்பாடு செய்து தீர்மானம் எழுதிவைத்தல் நலம். மூட்டை தூக்கும் வேலையை விடியலில் தொடங்கி முற்பகல் பதினொரு மணிக்குள் முடித்து, எஞ்சியதை மாலை நான்கு மணிக்கு மேல் செய்யலாம். தனியே எவரையும் வெயில் வேலைக்கு விடாமல் இருவர் இருவராக அனுப்புதலும் அவசியம். பிதற்றத் தொடங்கியவன் தன் அபாயத்தைத் தானே அறியான். அருகில் நிற்பவனே அறிந்து தண்ணீரை ஊற்ற வேண்டும்.