மேசைக் கணினியில் திரை தோன்றாமை

திரை தோன்றாமை என்பது மேசைக் கணினிக்கு மின்சாரம் கிடைத்து, விசிறி சுழன்றும், திரையில் எதுவும் தெரியாத நிலையைக் குறிக்கும். கணினியை இயக்கியவுடன் தாய்ப்பலகையிலுள்ள பயாஸ், நினைவகம், வரைகலை அட்டை முதலியவற்றைச் சோதிக்கிறது. வன்தட்டிலிருந்து இயங்குதளம் ஏற்றப்படுவது அதன் பின்னரே. எனவே பயாஸ் திரையே தோன்றாதபோது வன்தட்டை அழித்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதால் பழுது நீங்காது. சேமித்த கோப்புகளே வீணாக அழியும்.

ஒலிக்குறிப்புகள்

1981 இல் வெளியான ஐபிஎம் பிசியில் ஒரு குறுகிய ஒலி, சோதனை வெற்றி பெற்றதைக் குறித்தது. ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் காட்சிப் பகுதியின் கோளாற்றைக் குறித்தன. இவை பயாசுக்கு ஏற்ப மாறுபடும். இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் இதற்கெனச் சிறு விளக்குகள் உள்ளன.

சோதிக்கும் முறை

1. திரையின் மின்னிணைப்பையும் காட்சி வடத்தையும் சரிபார்க்கவும். தனி வரைகலை அட்டை இருப்பின் வடத்தை அதிலேயே செருகவும்.

2. மின்னிணைப்பைத் துண்டித்து, நினைவகத்தைக் கழற்றித் தூசி நீக்கி, மீண்டும் அழுத்திப் பொருத்தவும். ஈரோடு போன்ற நெசவு நகரங்களில் பஞ்சுத் தூசியும் சேரக்கூடும்.

3. பல நினைவகங்கள் இருப்பின் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கவும். டிடிஆர்5 வகையில் முதல்முறை திரை தோன்றச் சில நிமிடங்கள் ஆகலாம்.

4. தாய்ப்பலகையின் 3 வோல்ட்டு மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் பல பலகைகளில் பயாஸ் அமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பும்.

5. மின்தேக்கிகள் உப்பியிருந்தால் தாய்ப்பலகையைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டவும்.

எச்சரிக்கை

மின்வழங்கியைத் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.