பெயர் எடுக்காத கிதார்கள்

நான்கு நாள் விடுப்பில் அண்மையில் மாட்டுப்பட்டிக்குப் போயிருந்தோம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் நம் தங்கையின் குடும்பம் வசிக்கிறது. இரவு உணவு முடிந்த பின்னர்த் தங்கை தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னாள். பதினோராம் வகுப்பில் படிக்கும் அவள் மகன் கிதார் பழகி வருகிறான். டிசம்பர் மாதத்தில் மாதா கோயில் இளைஞர்கள் லயம் லயமாகக் கீத பவனி போகும்போது, இரண்டு ஆண்டுகளாக இரவல் கிதாரை வாசித்து வந்திருக்கிறான். இவ்வாண்டு சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறானாம்.

"முப்பத்தைந்தாயிரம் ஆகுமாம் அண்ணே. சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றாள்.

அவள் கொழுந்து பறித்து ஈட்டும் இரண்டு மாதக் கூலி முழுவதையும் கொடுத்தாலும் அத்தொகைக்குப் போதாது. பையனை அழைத்து, எந்தக் கிதார், ஏன் அந்தக் கிதார் என்று கேட்டோம். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அமெரிக்கப் பெயர், பளபளக்கும் பலகை. "பெரிய கம்பெனி மாமா" என்பதற்குமேல் அவனிடம் விடை இல்லை. அந்த வாத்தியத்தை அவன் ஒருமுறையேனும் கையில் எடுத்துப் பார்த்தவன் அல்லன்.

அவனைக் கடிந்துகொள்ள நமக்கு யோக்கியதை இல்லை. இரயில்வேயில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய நாளில் நாமும் இதையே செய்தோம். ஒரு நகரத்துக் கடையில், தலையில் புகழ்பெற்ற பெயர் பொறித்த பழைய கிதார் ஒன்றைப் பார்த்தோம். பெயரைப் படித்தோம்; வாசித்துப் பார்க்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். அவ்வாண்டு ஆடி மழையில் கம்பிகளைத் தாங்கும் குதிரை, பசைவிட்டு மேற்பலகையிலிருந்து கழன்று எழும்பியது. பழுது பார்க்க வந்த பெரியவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெயர் பின்னால் ஒட்டப்பட்டது என்றார். உள்ளே இருந்தது எவரோ பெயரில்லாத் தச்சரின் வேலை. ஆனால் அவர் குதிரையை மீண்டும் ஒட்டிக் கம்பி பூட்டித் தந்தபோது அது நன்றாகவே ஒலித்தது! நாம் ஏமாந்தது பெயரில்தான், வாத்தியத்தில் அன்று.

பாலக்காட்டில் பார்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நமக்கு, கிதார்கள் எங்கிருந்து வருகின்றன என்பது ஓரளவு தெரியும். ஷாலிமாரிலிருந்து கேரளம் நோக்கி வரும் வண்டியில், நீண்ட அட்டைப் பெட்டிகள் அவ்வப்போது இறங்கும். தூக்கிப் பார்த்தால் பெட்டி பெரிது, எடை சிறிது. உள்ளே இருப்பது வெறும் கூடு என்று கை சொல்லிவிடும். அனுப்புமிடம், கல்கத்தா என்று நம் முன்னோர் சொல்லிப் பழகிய கொல்கத்தா. கிவ்சன், கிப்டோன், ஹாப்னர், சிக்னேச்சர் என்று பெட்டிகளின்மேல் பெயர் இருக்கும். நம் நாட்டில் கிதார் தொட்ட ஏழை எளிய பிள்ளைகளுள் பெரும்பாலோர் முதலில் தொட்டது இவற்றுள் ஒன்றைத்தான் என்று துணிந்து சொல்லலாம். அந்தக் கிவ்சனில் 'வீனஸ்' என்றொரு மாதிரி உண்டு. கல்லூரி விடுதிகளில் அதைத் தெரியாதவர் குறைவு. ஆயினும் கிதாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்பெயர்களைச் சொல்லும்போது சிறிது சிரித்துக்கொண்டேதான் சொல்லுகிறார்கள்.

அச்சிரிப்புக்கு ஒரு காரணம் அப்பெயர்களிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் என்பவரின் பெயரால் 1902ல் ஏற்பட்ட கம்பெனியைக் கிவ்சன் நினைவூட்டுகிறது. கார்ல் ஹாஃப்னர் 1887ல் தொடங்கியதும், பின்னாளில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் உலகம் கண்டதுமான ஹாஃப்னரை, ஹாப்னர் நினைவூட்டுகிறது. பிறர் பெயரின் நிழலில் நின்றால் பொருள் விற்கும். மதிப்பு மட்டும் வளராது. கடைக்காரருக்கு அன்று அது உதவியிருக்கலாம். செய்த தச்சனுக்கு அது உதவவில்லை என்பது நம் எண்ணம்.

கிதார்த் தொழில் ஏன் சென்னையிலோ பம்பாயிலோ இந்த அளவுக்கு வேர்விடாமல் கல்கத்தாவில் வேர்விட்டது? அந்நகரம் ஆர்மோனியத்துக்கும் சிதாருக்கும் பேர்போனது. லால் பஜாரை அடுத்து, முன்னர்ச் சித்பூர் சாலை என்றும் இன்று ரவீந்திர சரணி என்றும் வழங்கும் தெருவில் வாத்தியக் கடைகள் வரிசையாக உள்ளன. மரத்தில் சுருதி காணத் தெரிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. அதற்குமேல் ஹவாய்த் தீவின் கிதாரும் அங்கு வந்து சேர்ந்தது. மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைக் கம்பியின்மேல் வழுக்கி வாசிக்கும் முறை அது. டாவ் மோ என்னும் ஹவாய்க் கலைஞர் 1940களில் தம் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். நம் கமகத்தைப்போல் வழுக்கிச் செல்லும் அவ்வொலி வங்காளிகளைப் பற்றிக்கொண்டது. கவி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தர் கிதார்க் கலைஞரானார். சுனில் கங்கூலி சினிமாப் பாட்டுகளை அம்முறையில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுகள் வடநாட்டு வீடுகளிலெல்லாம் சுழன்றன. வாசிக்க ஆள் பெருகினால் செய்யவும் ஆள் பெருகத்தானே வேண்டும்? ஜெய்ப்பூரின் விசுவ மோகன் பட் தாம் மாற்றியமைத்த மோகன வீணையோடு 1994ல் கிராமி விருது பெற்றார். கல்கத்தாவின் தேபாசிஷ் பட்டாச்சாரியாவோ, தமக்கு வேண்டிய கிதார்களைத் தாமே வடிவமைத்து, சதுரங்கி, கந்தர்வி, ஆனந்தி என்று பெயரும் சூட்டினார். பிறர் பெயரின் நிழல் வேண்டாத பெயர்கள் இவை.

புகழ்ந்துகொண்டே போனால் கட்டுரை விளம்பரமாகிவிடும். மலிவான கல்கத்தாக் கிதார்களில் குறை உண்டு. மெட்டுகளின் ஓரம் விரலைக் கீறும். கம்பி பலகைக்கு மேல் உயரமாக நிற்பதால் புதிதாகப் பழகுகிறவனுக்கு விரல் நோகும்; பலர் முதல் மாதத்திலேயே கைவிடுவதற்கு அதுவே காரணம். முறுக்காணிகள் நழுவும். ஒரே மாதிரியில் ஒன்று தேன், மற்றொன்று தகரம் என்று வந்து சேரும். இவற்றில் பெரும்பாலானவை, தெரிந்தவர் ஒருவர் அரம் எடுத்து உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் தீர்பவை. அந்தக் கடைசிப் பிற்பகலைத் தொழிற்சாலைகள் செலவிடாததால்தான், நல்ல மரக்கூட்டுக்குக் கெட்ட பெயர் வருகிறது.

இனி மாட்டுப்பட்டிக்கு வருவோம். ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம், காலடியில் அணைநீர், ஆனியில் தொடங்கினால் ஐப்பசி வரையில் சுவரே வேர்க்கும். விலையுயர்ந்த கிதாரின் மேற்பலகை ஒரே கனமரத்தில் இழைத்தது. அதனால் ஒலி ஆழமாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் கனமரம் ஈரத்தைக் குடித்து உப்பும்; வெயிலில் சுருங்கி வெடிக்கும். காற்றின் ஈரம் நூற்றுக்கு 45 முதல் 55 வரையில் இருக்கவேண்டும் என்று செய்தவர்களே எழுதி அனுப்புகிறார்கள். மழைக்காலத்து லயத்தில் அதை எங்கே போய்த் தேடுவது? மலிவான கிதாரின் மேற்பலகையோ ஒட்டுப்பலகை. நார் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் எளிதில் உப்பாது, எளிதில் வெடிக்காது. பெரிய ஊரில் எதைக் குறை என்கிறார்களோ அதுவே நம் லயத்தில் குணமாகிவிடுகிறது. கல்கத்தா மாதிரிகள் சிலவற்றில் கம்பிகளின் அடிமுனை குதிரையில் முடியாமல், கிதாரின் அடிப்புறத்தில் பூட்டிய தகட்டில் முடியும். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறக்குறைய 70 கிலோ. ஒரு மூட்டை அரிசிக்குக் குறையாது. அந்த இழுவையைப் பசை தாங்காமல் தகடு தாங்குகிறது. நமக்கு நேர்ந்தது போல ஆடி மழையில் குதிரை கழன்று வர அதில் இடமில்லை.

இன்னொன்றையும் பையனுக்குச் சொன்னோம். அவன் காட்டிய படத்தில் இருந்த கிதாரின் பின்புறம் ஈட்டி மரம். 1833ல் தோன்றிய அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி முதலில் பிரேசில் நாட்டு ஈட்டியை இழைத்தது. அது கிடைப்பது அருகியதால் 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறிற்று. வயநாட்டிலும் நீலகிரிச் சரிவுகளிலும் வளரும் அதே ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வர். கேரளத்தில் தேக்கு, கருங்காலி, சந்தனத்தோடு இதுவும் அரசுக்குரிய மரமாக எண்ணப்பட்டது. 2017 ஜனவரியில் உலக நாடுகளின் ஒப்பந்தம் ஒன்று ஈட்டி இனம் முழுவதற்கும் எல்லைதாண்டக் கட்டுப்பாடு விதித்தபோது, கிதார் செய்யும் நாடுகளெல்லாம் கலங்கின. 2019ல்தான் செய்துமுடித்த வாத்தியங்களுக்கு விலக்குத் தந்தார்கள். நம் மலைத்தொடரின் மரம் கடல் கடந்து போய்ப் பெயர் சூட்டிக்கொண்டு திரும்புகிறது. அதை வாங்கத் தங்கை சீட்டு எடுக்கவேண்டியிருக்கிறது.

பையன் விடவில்லை. "பெரிய கலைஞர்கள் கையில் நல்ல வாத்தியம்தானே இருக்கிறது மாமா?" என்றான். அவனுக்குத் தெரிந்த பெயரையே எடுத்தோம். 1958ல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது, எல்லைக்கு அப்பால் பண்ணைப்புரத்திலிருந்து வந்த பாவலர் வரதராசன் இந்தத் தோட்டங்களில் கட்சிக்காகப் பாடினார். ரோசம்மா புன்னூஸ் வென்ற தேர்தல் அது. அக்குடும்பத்துத் தம்பி ஒருவரும் அண்ணனோடு மேடைக்கு மேடை பாடித் திரிந்தார். பின்னர்ச் சென்னைக்குப் போய்த் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்று, இலண்டன் டிரினிட்டிக் கல்லூரியின் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். அவர்தாம் இளையராஜா. தோட்டத்து மேடைகளில் அவர்களுக்குத் துணை ஆர்மோனியமே. அந்த ஆர்மோனியம் எந்தக் கம்பெனி என்று நம் பாட்டனார் காலத்தவர் எவரும் கேட்டதில்லை. பையன் சிறிது நேரம் பேசவில்லை.

பெயர் எடுக்காதவர்கள் நம் நாட்டில் மட்டுமில்லை. கொரியாவின் கோர்ட் கம்பெனி பல புகழ்பெற்ற பெயர்களுக்கும் கிதார் செய்து கொடுக்கிறது. அதே கூடத்தின் வேலை சொந்தப் பெயரோடு வரும்போது விலை இறங்கிவிடுகிறது. செக் நாட்டில் பிரான்டிசேக் ஃபுர்ஹ் என்பவர், தனியார் தொழிலுக்கு இடமில்லாத பொதுவுடைமை ஆட்சியில், 1981ல் செய்யத் தொடங்கிய கிதார்கள் மிகத் திருத்தமானவை. கனடாவின் கியூபெக் மாகாணத்துச் சீகல் கிதார்களில் பக்கப் பலகைக்கு அந்நாட்டுக் காட்டுச் செரி மரத்தையே பயன்படுத்துகிறார்கள். பிற நாட்டு மரத்துக்குக் கையேந்தாத அச்செயல் நமக்குப் பிடித்திருக்கிறது. பின்னிரண்டும் நம் கைக்கு எட்டாத விலை. கோர்ட்டில் மட்டும் எளிய மாதிரிகள் உண்டு.

மறுநாள் பையனை மூணாறுக்கு அழைத்துக்கொண்டு போய், அங்கிருந்து அடிவாரத்து நகரம் ஒன்றில் வாத்தியக் கடைக்குப் போனோம். கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தோம். தண்டவாளத்துக் கங்காணி குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் நீளத்தைப் பார்ப்பதுபோல், தலைப்புறத்திலிருந்து கழுத்தின் ஓரத்தைப் பார்க்கவேண்டும். (மாட்டுப்பட்டியில் தண்டவாளம் ஏது என்று நகையாட வேண்டா. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரையில் 1902ல் ஒற்றைத் தண்டவாளமும், 1908 முதல் சிறு இருப்புப்பாதையும் இருந்தன. 1924 வெள்ளம் கொண்டுபோயிற்று.) அடுத்து, பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டினால் மணிபோல் ஒரு நாதம் வரும். அதே மெட்டில் அழுத்தி மீட்டும்போது வரும் நாதமும் அதுவும் ஒன்றாக வேண்டும். ஒன்றாகாவிட்டால் மேலே போகப் போகச் சுருதி பிசகும். பிறகு ஒவ்வொரு மெட்டாக அழுத்திக்கொண்டே போய், எங்கேனும் கம்பி இரைகிறதா என்று கேட்கவேண்டும். இவை எதற்கும் கிதாரின் தலையில் எழுதியிருப்பதைப் படிக்கவேண்டியதில்லை. அந்த எழுத்தின்மேல் நம் கைக்குட்டையைக் கட்டிவிட்டே வாசிக்கச் சொன்னோம். கடைக்காரர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார்.

ஆறு கிதார்களில் இரண்டைக் கழுத்துக் கோணல் என்று பையனே தள்ளினான். ஒன்று இரைந்தது. மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவன் நெடுநேரம் கீழே வைக்கவில்லை. கைக்குட்டையை அவிழ்த்தபோது கல்கத்தாப் பெயர். விலை ஏழாயிரத்துக்குள், அரம் பிடித்துக் கம்பியைத் தாழ்த்தித் தந்தவருக்கு ஐந்நூறு. பையன் முகம் முழுதும் மலர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். பேருந்தில் பாதி வழி வரையில் கைப்பேசிப் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

லயத்தில் அதை அடுப்படிச் சுவருக்கு மறுபக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவர் ஒன்றுதான் மழையிலும் உலர்ந்திருக்கும். சென்ற வாரம் தங்கை தொலைபேசியில் பேசினாள். சீட்டு எடுக்கவில்லை. பையன் நாள்தோறும் வாசிக்கிறானாம். பக்கத்து வீட்டுச் சிறுமியும் கற்றுக்கொள்ள வருகிறாளாம். முதல் கம்பி அறுந்துவிட்டது, நல்ல கம்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.