டிவிஷன் இறங்கினா சம்பளத்தை யார் கொடுப்பா? இங்கிலாந்து கால்பந்து ஏணியின் கணக்கு

2025 ஐ.பி.எல்.ல சென்னை சூப்பர் கிங்ஸ் பத்தாவது இடம். கடைசி. அந்த அணி வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. மீம்ஸ் போட்டோம், திட்டினோம், ஏலத்துல யாரை எடுக்கணும்னு பேச ஆரம்பிச்சுட்டோம். ஆனா ஒரு விஷயத்துல யாருக்கும் பயமே இல்லை. அடுத்த வருஷமும் சென்னை ஐ.பி.எல்.லதான் ஆடும். கடைசி இடம் வந்ததுக்கு யாரும் கீழே இறக்கி விடப் போறதில்லை.

இங்கிலாந்து கால்பந்துல அப்படி இல்லைங்க. அங்கே கடைசியா வந்தா, அடுத்த சீசன்ல வேற லீக், வேற டிவி பணம், வேற வாழ்க்கை. வார இறுதியில மேட்ச் பார்க்குறவங்க நம்ம சேனல்ல நிறைய பேர் இருக்கீங்க. நான் மேட்சைவிட கிளப்போட பேலன்ஸ் ஷீட்டை அதிகம் பார்க்குற ஆளு. என் மனைவி இதை நோய்னு சொல்லுவாங்க. போன மாசம் ஒரு வியூவர் கேட்ட கேள்விக்குப் பதில் யோசிச்சப்போ இந்த ஏணிதான் ஞாபகம் வந்தது. கேள்வி இதுதான்: "அண்ணா, வேலை மாறினதுல சம்பளம் கிட்டத்தட்ட டபுள் ஆயிடுச்சு. இந்தச் சம்பளத்தை வச்சு பேங்க் எவ்வளவு லோன் தருதோ அவ்வளவும் எடுத்து வீடு வாங்கிடலாமா?"

முதல்ல ஏணி எப்படி இருக்குன்னு பார்த்துடலாம்.

உச்சியில பிரீமியர் லீக், 20 கிளப். அதுக்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. ஒவ்வொண்ணுலயும் 24. ஆக முதல் நாலு படியில 92 கிளப். ஐந்தாவது படி நேஷனல் லீக். ஆறாவது படியில நாடு வடக்கு, தெற்குன்னு ரெண்டா பிரியும், ஏழாவதுல நாலா பிரியும். கீழே போகப் போக கிளை விரிஞ்சு, கடைசியில உள்ளூர் பூங்காவுல ஞாயித்துக்கிழமை ஆடுற மாதிரியான அணிகள் வரைக்கும் போகும். பெயரில் சாம்பியன்ஷிப்னு இருக்கிறது ரெண்டாவது படி, லீக் ஒன்ங்கிறது மூணாவது படி. புதுசா பார்க்குறவங்க எல்லாரும் இங்கேதான் குழம்புவாங்க.

பிரீமியர் லீக்ல கடைசி மூணு கிளப் இறங்கும். சாம்பியன்ஷிப்ல முதல் ரெண்டு இடம் நேரடியா ஏறும். அதுக்கு அடுத்த சில இடங்கள்ல வந்தவங்க பிளே-ஆஃப் ஆடி, அதுல ஜெயிக்கிற ஒருத்தர் ஏறலாம். கீழ்ப் படிகளிலும் எண்ணிக்கை கொஞ்சம் மாறுமே தவிர முறை இதேதான். தத்துவப்படி, ஊர்ப் பூங்காவுல ஆரம்பிக்கிற அணி வருஷா வருஷம் ஜெயிச்சா பிரீமியர் லீக் வரைக்கும் போகலாம்.

இது ஆதியிலேயே இப்படி இருந்ததில்லை. 1888-ல 12 கிளப்போட ஃபுட்பால் லீக் ஆரம்பிச்சது. ரொம்ப காலத்துக்குக் கடைசி இடத்துல இருந்தவங்க தொடரலாமா வேண்டாமான்னு மத்த கிளப்புகள் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணாங்க. 1987-ல இருந்துதான் நாலாவது படிக்கும் ஐந்தாவது படிக்கும் நடுவுல தானாகவே ஏறி இறங்குற வழி திறந்தது. 1992-ல மேல் டிவிஷன் தனியா பிரிஞ்சு பிரீமியர் லீக் ஆனது. படிகளுக்கு நடுவுல இருக்கிற பண இடைவெளி பெருசா விரிஞ்சது அதுக்கு அப்புறம்தான்.

எவ்வளவு பெருசு? 2023 மே மாசம் வெம்ப்ளியில லூட்டன் டவுன், கோவென்ட்ரி சிட்டி மோதின பிளே-ஆஃப் ஃபைனல். 1-1ல முடிஞ்சு பெனால்டி வரைக்கும் போச்சு. ஜெயிக்கிற கிளப்புக்கு அடுத்த மூணு சீசன்ல குறைஞ்சது 17 கோடி பவுண்ட் கூடுதலா வரும்னு டெலாய்ட் கணக்குப் போட்டது. நம்ம பணத்துல சுமார் 1,700 கோடி ரூபாய். லூட்டன் 6-5ல ஜெயிச்சது. கோவென்ட்ரி வீரர் ஒருத்தர் அடிச்ச ஒரு பந்து கோலுக்கு மேலே போனதுதான் வித்தியாசம்.

இந்தத் தொகைதான் ரெண்டாவது படியில இருக்கிறவங்களைப் பைத்தியமாக்குது. சாம்பியன்ஷிப் கிளப்புகளோட மொத்தச் சம்பளச் செலவு, மொத்த வருமானத்தையே தாண்டின சீசன்கள் பல இருக்கு. அதாவது 100 ரூபாய் சம்பாதிச்சு 100 ரூபாய்க்கு மேல சம்பளம் மட்டுமே கொடுக்குறாங்க. கரண்ட் பில், பயணம், மைதானப் பராமரிப்பு எல்லாம் அதுக்கு மேல. பள்ளத்தை ஓனர் கையில இருந்து நிரப்புவாரு, இல்லைன்னா கடன். "இந்த வருஷம் ஏறிட்டோம்னா எல்லாத்தையும் அடைச்சுடலாம்"ங்கிற ஒரே நம்பிக்கை. ஏறுறது மூணு பேர். மீதி 21 பேருக்கு?

இறங்குறவங்களுக்கு ஒரு மெத்தை இருக்கு, பாராசூட் பேமென்ட்னு பேரு. பிரீமியர் லீக் கிளப்புகளுக்குச் சமமா பிரிக்கிற டிவி பணத்துல முதல் வருஷம் 55 சதவீதம், ரெண்டாவது வருஷம் 45, மூணாவது வருஷம் 20. ஒரே ஒரு சீசன் மேலே இருந்துட்டு இறங்கினவங்களுக்கு ரெண்டு வருஷம்தான். கவனிங்க, 100ல இருந்து ஒரே நாள்ல 55. நல்ல கிளப்புகள் இதுக்காகவே வீரர்கள் காண்ட்ராக்ட்ல "இறங்கினா சம்பளம் இவ்வளவு குறையும்"னு ஒரு ஷரத்து போட்டு வச்சிருப்பாங்க.

சண்டர்லேண்ட் 2017-ல இறங்கினப்போ, அந்த ஷரத்து இல்லாத ஒரு வீரருக்கு வாரத்துக்கு சுமார் 70,000 பவுண்ட் கொடுக்க வேண்டி இருந்ததுன்னு அங்கே பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அடுத்த வருஷமே கிளப் மறுபடி இறங்கி மூணாவது படிக்குப் போச்சு. நெட்ஃபிளிக்ஸ்ல 'சண்டர்லேண்ட் டில் ஐ டை' பார்த்தவங்களுக்குத் தெரியும், மேலே இருந்தப்போ போட்ட கையெழுத்துக்குக் கீழே இருந்து பணம் கட்டினா எப்படி இருக்கும்னு. திரும்ப பிரீமியர் லீக் வர 2025 ஆச்சு.

லீட்ஸ் யுனைடெட் கதை இன்னும் நேரடியா உங்க ஹோம் லோன் மாதிரி. 2001-ல சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரைக்கும் போன அணி. வரப்போற வருஷங்களோட சீசன் டிக்கெட் வசூலை அடமானமா வச்சு 6 கோடி பவுண்ட் கடன் வாங்கி இருந்தாங்க. ஒவ்வொரு வருஷமும் சாம்பியன்ஸ் லீக் பணம் வரும்ங்கிறது கணக்கு. அந்த சீசன்ல லீக்ல நாலாவது இடம். இங்கிலாந்துக்கு அப்போ மூணு இடம்தான். ஒரே ஒரு இடம் தவறிப் போச்சு. அடுத்த வருஷம் ஐந்தாவது. அப்புறம் வீரர்களை ஒவ்வொருத்தரா விற்க ஆரம்பிச்சாங்க. 2004-ல இறங்கினாங்க, 2007-ல திவால் நடவடிக்கையோட மூணாவது படிக்கே போனாங்க. மேலே திரும்பி வர 16 வருஷம். அணி மோசம்னு சொல்ல முடியாது. வரும்னு நினைச்ச பணத்துக்கு ஏற்கனவே தவணை ஓட ஆரம்பிச்சிருந்தது, அவ்வளவுதான்.

இனி என் ஏரியா. ஒரு வீரரை 2 கோடி பவுண்டுக்கு வாங்கி நாலு வருஷ காண்ட்ராக்ட் போட்டா, கணக்குல வருஷத்துக்கு 50 லட்சம் செலவா எழுதணும். இதுதான் வழக்கம். டெர்பி கவுன்டி வேற மாதிரி எழுதினாங்க. காண்ட்ராக்ட் முடியுற நேரத்துலயும் வீரருக்கு விற்பனை மதிப்பு இருக்கும்னு ஒரு தொகையைப் பிடிச்சு வச்சுட்டு, முதல் வருஷங்கள்ல செலவைக் குறைச்சுக் காட்டினாங்க. 2018-ல மைதானத்தையே தங்கள் ஓனரோட கம்பெனிக்கு 8.1 கோடி பவுண்டுக்கு வித்தாங்க. கணக்குல லாபம் வந்துடுச்சு. வெளியில இருந்து உண்மையான வருமானம் எதுவும் வரலை. கிரெடிட் கார்டு பில்லை இன்னொரு கார்டுல கட்டிட்டு "டியூ ஜீரோ"ன்னு சந்தோஷப்படுற மாதிரி. 2021 செப்டம்பர்ல திவால் நிர்வாகத்துக்குப் போனதுக்கு 12 புள்ளி வெட்டு, கணக்கு விதி மீறலுக்கு 9 புள்ளி வெட்டு. மைதானத்துல 55 புள்ளி சம்பாதிச்ச அணி, அட்டவணையில 34 புள்ளியோட இறங்கிப் போச்சு. கணக்காளர் எழுதினதுக்கு விளையாடினவங்க தண்டனை அனுபவிச்சாங்க. எனக்கு இன்னும் மனசு ஆறலை.

பரி கதை இதைவிட வருத்தம். 1885-ல ஆரம்பிச்ச கிளப், ரெண்டு தடவை எஃப்.ஏ. கோப்பை ஜெயிச்சவங்க. 2018 டிசம்பர்ல கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறினது. கடன் தலைக்கு மேல. 2019 வசந்த காலத்துல வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒழுங்கா சம்பளம் வரலை. அந்த நிலைமையில ஆடி லீக் டூவுல ரெண்டாவது இடம் பிடிச்சு பிரமோஷன் வாங்கினாங்க! ஆனா புது டிவிஷன்ல ஒரு மேட்ச்கூட ஆடலை. பணம் இருக்குங்கிறதுக்கு ஆதாரம் காட்ட முடியாம 2019 ஆகஸ்ட் 27 அன்னிக்கு லீக்ல இருந்தே நீக்கிட்டாங்க. அங்கே டிக்கெட் கிழிச்சவங்க, புல் வெட்டினவங்க, பை வித்தவங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல முடிஞ்சது. ரசிகர்கள் புதுசா ஒரு கிளப் ஆரம்பிச்சு, 2023-ல பழைய கிக் லேன் மைதானத்துக்கே திரும்பி, ஒன்பதாவது படியில இருந்து ஆடினாங்க.

இந்த மாதிரி கதைகள் சேர்ந்துதான் 2025-ல அங்கே கால்பந்துக்குன்னு தனி ஒழுங்குமுறை ஆணையம் வர சட்டமே போட்டாங்க.

சரி, லூட்டனுக்கு வருவோம். 2009-ல 30 புள்ளி வெட்டு வாங்கி ஐந்தாவது படிக்கு விழுந்த கிளப் அது. அங்கே ஐந்து வருஷம் கிடந்து, 2014, 2018, 2019, 2023னு படி படியா ஏறினாங்க. பெல்லி ரட்டக் எம்பன்சு ஐந்தாவது படியில இருந்து பிரீமியர் லீக் வரைக்கும் அதே கிளப்புக்கு ஆடின வீரர். மேலே போனதும் மத்தவங்க மாதிரி அள்ளி இறைக்கலை. சின்ன மைதானம், வீட்டு வரிசைக்கு நடுவுல வெளியூர் ரசிகர்கள் நுழைவாயில், எல்லாம் அப்படியே. ஒரு ஸ்டாண்டை மட்டும் லீக் விதிக்காக இடிச்சுக் கட்டினாங்க.

நிதானமா செலவு பண்ணதால தப்பிச்சாங்களான்னா, இல்லை. 2024-ல இறங்கினாங்க, 2025-ல மறுபடியும் இறங்கினாங்க. மேலே போன ரெண்டே வருஷத்துல மூணாவது படி. இதை நான் மறைக்க விரும்பலை. சிக்கனமா இருந்தா வேலை போகாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா இந்தத் தடவை லூட்டன் விழுந்தப்போ திவால் இல்லை, புள்ளி வெட்டு இல்லை.

அதனால அந்த வியூவருக்கு நான் சொன்னது இதுதான். பேங்க் கணக்குப் போடுறது உங்க இப்போதைய டிவிஷனை வச்சு. நீங்க பழைய சம்பளத்தை எடுத்துக்குங்க, இ.எம்.ஐ. அதுல 40 சதவீதத்துக்குள்ள அடங்குதான்னு பாருங்க. ஆஃபர் லெட்டர்ல வேரியபிள் பே எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்னு திரும்பப் படிங்க, உங்க பாராசூட் அவ்வளவுதான். ஆறு மாச இ.எம்.ஐ.யை எஃப்.டி.ல போட்டுட்டு அப்புறம் பில்டரைப் போய்ப் பாருங்க. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, மூணு பெட்ரூம் இல்லைண்ணா, ரெண்டு பெட்ரூம்தான் வருதுன்னு எழுதியிருந்தார். கூடவே ஒரு வரி: "கோவென்ட்ரி ரசிகன் நான். அந்த பெனால்டியை ஞாபகப்படுத்திட்டீங்களே."