குடியுரிமைத் தேர்வு

குடியுரிமைத் தேர்வு என்பது, ஒரு நாட்டில் குடியேறியவரைக் குடிமகனாக ஏற்பதற்கு முன், அந்நாட்டின் மொழி, வரலாறு, ஆட்சிமுறை ஆகியவற்றில் அவருக்குள்ள அறிவைச் சோதிக்கும் தேர்வாகும். இந்தியாவில் இதற்கென எழுத்துத் தேர்வு இல்லை. ஆனால் மொழியறிவு சட்ட நிபந்தனைகளுள் ஒன்றாக உள்ளது.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் 45 நிமிடங்களில் 24 வினாக்கள் கேட்கப்படுகின்றன; 18 விடைகள் சரியாக இருக்க வேண்டும். கனடாவில் 18 முதல் 54 வயது வரையுள்ளோர் 20 வினாக்களில் 15-க்குச் சரியாக விடையளிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 20 வினாக்களுக்கு 75 விழுக்காடு தேவை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு விலக்கு உண்டு. மலேசிய அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு, மலாய் மொழியில் போதிய அறிவைக் கோருகிறது.

ஆதரவும் எதிர்ப்பும்

நீதிமன்றம், மருத்துவமனை, வாக்குச்சாவடி என எங்கும் ஒரு பொது மொழி வேண்டும் என்பது ஆதரிப்போர் வாதம். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் இருந்தால் அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறையும் என்றும் கூறுவர்.

மனப்பாடம் செய்த விடை நாட்டுப்பற்றைக் காட்டாது என்பது எதிர்ப்போர் வாதம். முதியோரும் அதிகம் படிக்காத உழைப்பாளிகளுமே இதில் பின்தங்குகின்றனர். மலேசியத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ் முதியோர் சிலர், மலாய்த் தேர்வைக் கடக்க இயலாமல், நிரந்தரவாசிக்கு உரிய சிவப்பு அடையாள அட்டையுடனேயே காலத்தைக் கழித்துள்ளனர்.

இந்தியச் சட்டம்

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, பொதுவாக ஒரு வெளிநாட்டவர் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ந்தும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளும் இந்தியாவில் வாழ்ந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவும் வேண்டும். தமிழ் அவற்றுள் ஒன்று.

முகாம்களில் வாழ்வோர்

அப்படியானால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கை ஏதிலியருக்கு இது எளிதாக இருக்க வேண்டும். நடைமுறை வேறு. 1983 முதல் வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளுமாக 58,000-க்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வதாக 2021-இல் அரசு கணக்கிட்டது. சேலம் மாவட்டத்தின் பவளத்தானூர், குறுக்குப்பட்டி ஆகிய ஊர்களிலும் இத்தகைய முகாம்கள் உள்ளன.

2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிய கடவுச்சீட்டு இன்றி நுழைந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆவார். அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இயலாது. போருக்கு அஞ்சிப் படகில் வந்தவர்களிடம் கடவுச்சீட்டு ஏது? 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். எனவே முகாமில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த இளைஞரும் சட்டத்தின் கண்ணில் அயலாரே.

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே கருதியது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றி நுழைந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்கு அளிக்கப்பட்டது. அது குடியுரிமை அன்று.

இவர்களுள் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற இவர்களின் முன்னோர், இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்ட பரம்பரைச் சான்றுகளைக் காட்ட இயலாமல் அங்கே நாடற்றவராயினர்.

தேர்வில் தவறியவர் மீண்டும் படித்து எழுதலாம். நாட்டுக்குள் வந்த வழியையோ பெற்றோரையோ எவராலும் மாற்ற இயலாது. தேர்வு வேண்டுமா என்று கேட்கும்போது, அதை எழுத யாருக்கு இடம் உண்டு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியுள்ளது.